எழுத்து எண் 27

சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் பெரும்பொழுது டெர்மினலைப் படிப்பதில் போகிறது. ஸ்கிரிப்ட் எங்கே நின்றது, எந்த ஃபைலைத் தொட்டது, யாருடைய பெயர் விட்டுப்போனது என்பதையெல்லாம் திரையில் ஓடும் வரிகளை நம்பித்தான் தீர்மானிக்கிறோம். ஆனால் ஷெல் வேரியபிள் ஒன்றை அச்சிடும்போது டெர்மினல் அதைப் பார்வைக்கு வைப்பதோடு நிற்பதில்லை. அதற்குள் உத்தரவு ஏதாவது இருந்தால் நிறைவேற்றவும் செய்கிறது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இதைத்தான். நெட்வொர்க், பேக்கப் எல்லாம் அப்புறம்.

பெரும்பாலும் இந்தச் சிக்கல் சாதுவான முகத்தோடுதான் வந்து நிற்கும். கிளை அலுவலகங்களின் பட்டியல் ஒன்று விண்டோஸ் கணினியில் தயாராகி, சிஎஸ்வி ஃபைலாக எங்களிடம் வந்திருந்தது. ஒவ்வொரு வரியையும் ஒரு வேரியபிளில் வாங்கி, அந்தப் பெயரில் ஃபோல்டர் இருக்கிறதா என்று பார்க்கும் சின்ன ஸ்கிரிப்ட். ஃபோல்டர் கண்ணெதிரே இருந்தும் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தது. எழுதிய பையன் கெட்டிக்காரன். வேரியபிளின் முன்னும் பின்னும் சதுர அடைப்புக்குறி வைத்து அச்சிட்டுப் பார்த்திருக்கிறான். [ராமநாதபுரம்] என்று வர வேண்டிய இடத்தில் ]ராமநாதபுரம் என்று வந்தது. தொடங்கும் குறியைக் காணோம். முடியும் குறி முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது.

"அண்ணா, ஷெல்லிலேயே ஏதோ கோளாறுண்ணா" என்றான்.

"ஷெல்லில் ஒண்ணும் இல்லப்பா. பேருக்குக் கடைசியில என்ன இருக்குன்னு பாரு."

பெயருக்குக் கடைசியில் இருந்தது எண் 13, கேரேஜ் ரிட்டர்ன். விண்டோஸில் ஒவ்வொரு வரியும் 13, 10 என்ற இரண்டு எழுத்துகளோடு முடியும். யுனிக்ஸில் 10 மட்டும்தான். வரியை வாங்கும்போது ஷெல் 10ஐ எடுத்துவிட்டது, 13 பெயரோடு ஒட்டிக்கொண்டது. 13ஐக் கண்டதும் டெர்மினல் கர்சரை வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுபோகும். அடுத்து வந்த முடிவுக்குறி, முதல் இடத்தில் இருந்த தொடக்கக்குறியின் மேல் எழுதப்பட்டது. திரை தன் கடமையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. வேரியபிளில் ஓர் எழுத்து கூடுதலாக இருப்பதை மட்டும் அது காட்டவில்லை.

ஏன் இப்படி என்று கேட்டால் 1963க்குப் போக வேண்டும். ஆஸ்கி குறியீடு முதலில் வெளியான ஆண்டு அது. டெலிடைப் மாடல் 33 இயந்திரமும் அதே ஆண்டுதான் வந்தது. ஆஸ்கியில் 0 முதல் 31 வரையிலான எண்களும் 127உம் எழுத்துகளுக்கானவை அல்ல, இயந்திரத்துக்கானவை. கன்ட்ரோல் எழுத்துகள் என்பது இவற்றைத்தான். 7 வந்தால் மணி அடிக்க வேண்டும், உண்மையான மணி. 10 வந்தால் தாள் ஒரு வரி ஏற வேண்டும். 13 வந்தால் அச்சுத்தலை இடது ஓரத்துக்குத் திரும்ப வேண்டும். தரவும் உத்தரவும் ஒரே கம்பியில், ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. தாள் போய்த் திரை வந்த பிறகும் இந்த ஏற்பாடு மாறவில்லை. 1978இல் டெக் நிறுவனம் விடி100 டெர்மினலைக் கொண்டுவந்தபோது 27ஆம் எண்ணான எஸ்கேப் தலைமை ஏற்றது. எஸ்கேப்பும் ஒரு சதுர அடைப்புக்குறியும் வந்தால் அடுத்து வருவது உத்தரவு என்று பொருள்: நிறத்தை மாற்று, திரையை அழி, கர்சரை மூன்றாம் வரிக்கு நகர்த்து. இன்று மடிக்கணினியில் நாம் திறக்கும் டெர்மினல் ஜன்னல்கள் எல்லாம் அந்த விடி100இன் வாரிசுகள்தான். அதே உத்தரவுகளுக்கு அப்படியே பணிகின்றன. உத்தரவு கீபோர்டிலிருந்து வந்ததா, ஸ்கிரிப்ட் எழுதியவர் போட்டதா, யாரோ ஏற்றிய ஃபைலின் பெயருக்குள் ஒளிந்து வந்ததா என்று பிரித்துப் பார்க்கும் வழி டெர்மினலுக்குக் கிடையாது.

ஃபைல் பெயர் என்று சொன்னேன். யுனிக்ஸில் ஒரு ஃபைலின் பெயருக்குள் வரக்கூடாதவை இரண்டே இரண்டு: சாய்வுக்கோடு, எண் 0. மீதி எல்லாம் செல்லும். எஸ்கேப்பும் செல்லும், புது வரியும் செல்லும். புதியவர்களுக்கு இதை வாயால் சொன்னால் மனதில் நிற்பதில்லை என்பதால் செய்தே காட்டுவேன். ஒரு ஃபோல்டரில் சில ஃபைல்களை வைத்து, ஒவ்வொன்றையும் சரிபார்த்து முடிவை அச்சிடும் ஒரு லூப். இரண்டாவது ஃபைல் கெட்டுப்போனது. "பிழை" என்று திரையில் வர வேண்டும். மூன்றாவது ஃபைலின் பெயருக்குள் இரண்டு உத்தரவுகளை வைத்திருப்பேன்: ஒரு வரி மேலே போ, அந்த வரியை முழுக்க அழி. லூப் ஓடும். முதல் ஃபைல் சரி, மூன்றாவது சரி, நான்காவது சரி. இரண்டாவதைப் பற்றிய வரியே திரையில் இருக்காது. பிழை அச்சிடப்பட்டது உண்மை. அடுத்த வரி வந்து அதை அழித்ததும் உண்மை. மனிதக் கண்ணுக்கு எட்டாத நேரத்தில் இரண்டும் நடந்து முடிந்துவிடும். இதைப் பார்த்த பிறகு "எக்கோ போட்டுப் பார்த்தேன், எல்லாம் சரி" என்று யாரும் என்னிடம் சொல்வதில்லை.

எக்கோவைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். வேரியபிளைக் காட்ட எல்லாரும் முதலில் எடுக்கும் கமாண்ட் அது. முதலில் கைவிட வேண்டியதும் அதுதான் என்பேன். பாஷ் ஷெல்லில் வேரியபிளின் மதிப்பு வெறும் "-என்" என்ற இரண்டு எழுத்தாக இருந்தால், எக்கோ அதைத் தனக்கான ஆப்ஷன் என்று எடுத்துக்கொண்டு எதையுமே அச்சிடாது. டாஷ் ஷெல்லில் நிலைமை இன்னும் மோசம். உபுண்டு 2006ஆம் ஆண்டின் 6.10 பதிப்பிலிருந்து கணினியின் அடிப்படை ஷெல்லாக டாஷை வைத்தது; டெபியனும் பின்னால் அதே வழிக்கு வந்தது. டாஷின் எக்கோ, பின்சாய்வுக்கோட்டைப் பார்த்தால் சும்மா விடாது. பின்சாய்வுக்கோடும் டி-யும் சேர்ந்தால் டேப், என்-னோடு சேர்ந்தால் புது வரி, சி-யோடு சேர்ந்தால் வெளியீடு அந்த இடத்தோடு நின்றுவிடும். விண்டோஸ் ஃபைல் பாதை ஒன்று வேரியபிளில் இருந்து, அதில் சி-யில் தொடங்கும் ஃபோல்டர் ஒன்று இருந்தால் பாதிப் பாதைதான் திரைக்கு வரும்.

இதில் பலரும் கவனிக்காத ஆபத்து ஒன்று உண்டு. \033 என்று சாதாரணமாகத் தட்டிய நான்கு எழுத்துகளில் கன்ட்ரோல் எழுத்து எதுவும் இல்லை. எந்தச் சல்லடையில் போட்டாலும் நிற்காமல் கடந்துவிடும். கடந்தபின் டாஷின் எக்கோ கையில் கிடைத்தால் அது அசல் எஸ்கேப்பாக மாறித் திரைக்குப் போகும். சுத்தம் செய்த பிறகு அச்சிடும் கருவியே மறுபடி அழுக்கை உண்டாக்குகிறது. அதனால்தான் பிரிண்ட்எஃப் என்கிறேன், அதுவும் '%எஸ்\என்' என்ற வடிவத்தை நாமே எழுதிக்கொடுத்து, வேரியபிளை இரட்டை மேற்கோளுக்குள் தனியாகத் தர வேண்டும். வேரியபிளையே வடிவமாகக் கொடுத்தால் அதற்குள் இருக்கும் சதவீதக் குறிகள் வேலை செய்யத் தொடங்கிவிடும். நிறம் சேர்க்கும் ஆசையில் %பி போடுகிறவர்கள் உண்டு. அது பின்சாய்வுக்கோடுகளை விரிக்கும் வடிவம். நம்முடைய நிற உத்தரவு வடிவத்தில் இருக்கட்டும், வெளியிலிருந்து வந்த தரவு ஒருநாளும் %பி-க்குள் போகக்கூடாது.

இத்தனை செய்தாலும் அசலான 27 வேரியபிளில் இருந்தால் %எஸ் அதைத் தொடாமல் அனுப்பிவிடும். பிரிண்ட்எஃப்பின் நேர்மை அது. கொடுத்ததை அப்படியே தருகிறது. காட்டுவதற்கு வேறு வடிவம் வேண்டும்.

பாஷில் அதன் பெயர் %க்யூ. வேரியபிளில் இருப்பதை, ஷெல்லில் மறுபடி தட்டினால் அதே மதிப்பு கிடைக்கும் வகையில் மேற்கோளிட்டுக் காட்டுகிறது. மேலே சொன்ன ராமநாதபுரம், %க்யூவில் டாலர் குறி, ஒற்றை மேற்கோள், பெயர், பின்சாய்வுக்கோடும் ஆரும், மூடும் மேற்கோள் என்று வந்து நிற்கும். கடைசியில் ஒட்டியிருக்கும் அந்த ஆர்தான் 13. எஸ்கேப் இருந்தால் அந்த இடத்தில் பின்சாய்வுக்கோடும் ஒரு இ-யும் இருக்கும். கன்ட்ரோல் எழுத்து எதுவும் இல்லாத சாதாரணப் பெயர் என்றால் மேற்கோள் எதுவும் இல்லாமல் பெயர் மட்டும் வரும். 2016இல் வந்த பாஷ் 4.4இல் இதையே இன்னும் சுருக்கமாக்கினார்கள்: நெளி அடைப்புக்குறிக்குள் வேரியபிள் பெயர், ஒரு அட் குறி, பெரிய க்யூ. எனக்கு அதைவிட டிக்ளேர் -பி பிடிக்கும். வேரியபிளின் பெயர், வகை, மதிப்பு மூன்றையும் ஒரே வரியில் காட்டிவிடும். இன்னொரு வழி, செட் -எக்ஸ் போட்டு ஸ்கிரிப்டை ஓடவிடுவது. பாஷ் தன் தடயவரிகளில் கன்ட்ரோல் எழுத்துகளை மேற்கோளிட்டே எழுதுகிறது என்பதால், பிழை தேடும்போது எக்கோ வரிகளை நுழைப்பதைவிட அதுவே நம்பகமானது.

பாஷ் இல்லாத இடம் என்றால் செட் (sed) எடிட்டரின் எல் கமாண்ட். வேரியபிளை பிரிண்ட்எஃப் மூலம் செட் -என் எல்-லுக்கு அனுப்பினால் கண்ணுக்குத் தெரியாததெல்லாம் எண்ணாகவும் குறியாகவும் வெளியே வரும். வரி முடியும் இடத்தில் டாலர் குறி நிற்கும். கடைசியில் இருக்கும் வெற்றிடம்கூடத் தப்பாது. பழைய யுனிக்ஸ்களிலும் இது இருக்கும். கேட் -வி-யும் உதவும், எஸ்கேப்பை ^[ என்று காட்டும். அந்த -வி மீது ஒரு புகழ்பெற்ற வழக்கே உண்டு. 1983இல் ராப் பைக்கும் பிரையன் கெர்னிகனும் சேர்ந்து எழுதிய கட்டுரையில், ஃபைல்களைச் சேர்க்கப் பிறந்த கேட்டுக்குள் எழுத்துகளை மாற்றிக் காட்டும் வேலையைத் திணித்தது தவறு, அதற்கென்று தனிக் கருவி வேண்டும் என்றார்கள். வடிவமைப்பில் அவர்கள் சொன்னதுதான் சரி. அவர்கள் முன்வைத்த பெயர் விஸ். பின்னால் பிஎஸ்டியில் அதே பெயரில் கருவியும் நூலகமும் வந்தன. ஓப்பன்எஸ்எஸ்எச் இன்று தன் லாக் வரிகளை அந்த விஸ் குடும்ப வழியாகத்தான் அனுப்புகிறது. உள்ளே நுழைய முயன்றவர் பயனர் பெயர் என்ற இடத்தில் எஸ்கேப்பைத் தட்டியிருந்தாலும் லாக்கைப் படிக்கிறவரின் திரைக்கு ஒன்றும் ஆகாது.

எல்லா மென்பொருளும் அவ்வளவு கவனமாக இருந்ததில்லை. 2003இல் எச்.டி. மூர் டெர்மினல்களின் பாதுகாப்பு பற்றி எழுதிய ஆய்வு, எங்கள் தொழிலில் பலருடைய கண்ணைத் திறந்தது. ஜன்னலின் தலைப்பை மாற்ற ஒரு உத்தரவு உண்டு. தலைப்பு என்ன என்று கேட்க இன்னொரு உத்தரவு. கேட்டதும் டெர்மினல் விடை தரும். அந்த விடை நாம் கீபோர்டில் தட்டியதைப் போலவே ஷெல்லுக்குள் வந்து விழும். தலைப்பாக ஒரு கமாண்டை வைத்துவிட்டு, பிறகு தலைப்பைக் கேட்டால் அந்தக் கமாண்ட் ப்ராம்ப்டில் தயாராக நிற்கும். மிச்சம் என்டர் ஒன்றுதான். அப்பாச்சி வெப் சர்வரின் எரர் லாக் எஸ்கேப்பைச் சல்லடை போடாமல் எழுதுகிறது என்பதும் அதே ஆண்டு பதிவானது. வெளியிலிருந்து ஒருவர் அனுப்பும் வலை முகவரி லாக்கில் போய் விழுகிறது. மறுநாள் அதை ரூட் பயனராக நின்று கேட் போட்டுப் படிக்கும் நிர்வாகியின் டெர்மினலில் அது உத்தரவாக உயிர் பெறுகிறது. அப்பாச்சி திருத்திக்கொண்டது. டெர்மினல்களும் தலைப்பைத் திருப்பிச் சொல்வதைப் பெரும்பாலும் நிறுத்திக்கொண்டன.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தவர்களுக்கு 2024 மார்ச்சில் வெளியான வால் கமாண்டின் குறை பதில் சொன்னது. ஒரே சர்வரில் உள்ள எல்லாருடைய திரைக்கும் செய்தி அனுப்பும் மிகப் பழைய கமாண்ட் அது. செய்தியை ஸ்டாண்டர்ட் இன்புட் வழியாகக் கொடுத்தால் கன்ட்ரோல் எழுத்துகளைச் சுத்தம் செய்தது. ஆர்க்யுமென்ட்டாகக் கொடுத்தால் செய்யவில்லை. 2013இலிருந்து அப்படியே இருந்திருக்கிறது. தலைவாசலைத் தாழிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துபோட்ட கதை. இதை வைத்து ஒருவர் பக்கத்துப் பயனரின் திரையை அழித்து, சூடோ பாஸ்வேர்டு கேட்பதைப் போன்ற ஒரு வரியை வரைந்து வைக்கலாம். அவர் பாஸ்வேர்டைத் தட்டுவார். உண்மையில் அங்கே இருப்பது ஷெல் ப்ராம்ப்ட் என்பதால் ஷெல் அதை ஒரு கமாண்டாக எடுத்துக்கொள்ளும். உபுண்டுவில் தெரியாத கமாண்ட் வந்தால் அதன் பெயரை ஆர்க்யுமென்ட்டாகக் கொடுத்து, எந்தப் பேக்கேஜில் இருக்கிறது என்று தேடும் உதவி நிரல் ஒன்று ஓடும். ஓடும் நிரல்களின் பட்டியலை யாரும் பார்க்கலாம். பாஸ்வேர்டு அந்தப் பட்டியலில் வெளியே நிற்கும். யுடில்-லினக்ஸ் 2.40இல் இதைச் சரிசெய்தார்கள். சூடோவும் 2023இல் 1.9.13 பதிப்பில்தான் தன் லாக் வரிகளில் கன்ட்ரோல் எழுத்துகளை மாற்றி எழுதத் தொடங்கியது. இவ்வளவு பேர் படித்த, இவ்வளவு பழைய மென்பொருளிலேயே இப்படி என்றால், நாம் அவசரத்தில் எழுதும் ஸ்கிரிப்டைப் பற்றி எவ்வளவு கவனம் வேண்டும்!

இதுவரை சொன்னதை எந்த ஊர் நிர்வாகியும் எழுதியிருக்க முடியும். தமிழில் பெயர்ப் பட்டியல்களைக் கையாளுகிறவர்களுக்கு மட்டும் தெரியும் பகுதி ஒன்று இருக்கிறது.

0 முதல் 31 வரை மட்டும்தான் கன்ட்ரோல் எழுத்து என்பது பாதி உண்மை. எட்டு பிட் குறியீடுகள் வந்தபோது 128 முதல் 159 வரை இரண்டாவது வரிசை ஒன்று ஒதுக்கப்பட்டது. 1983இல் வந்த விடி220 அந்த வரிசையைப் புரிந்துகொண்டது. எஸ்கேப்பும் அடைப்புக்குறியும் சேர்ந்து செய்வதை 155 என்ற ஒற்றை எண்ணே செய்துவிடும். இப்போது தமிழுக்கு வாருங்கள். யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் மூன்று பைட். முதலாவது எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவதுதான் எழுத்துக்கு எழுத்து மாறும், அது 128க்கும் 191க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம்.

ஒருநாள் உட்கார்ந்து இதை ஒவ்வோர் எழுத்தாகப் போட்டுப் பார்த்தேன். அ முதல் ஔ வரை பன்னிரண்டு உயிரெழுத்துகளின் மூன்றாவது பைட்டும் 128–159க்குள் விழுகிறது. க, ங, ச, ஜ, ஞ, ட ஆகியவையும் அப்படியே. ணகரம் தொடங்கி ஹகரம் வரை வெளியே. துணைக்காலும் இகரக் கொக்கியும் வெளியே. மற்ற உயிர்மெய்க் குறிகள் உள்ளே. புள்ளி உள்ளே. புள்ளியின் கடைசி பைட் 141. எட்டு பிட் டெர்மினலில் அதற்குக் கர்சரை ஒரு வரி மேலே ஏற்று என்று பொருள். அகரத்தின் 133 அடுத்த வரிக்குப் போகச் சொல்லும். சகரத்தின் 154 டெர்மினலை அது என்ன ரகம் என்று கேட்கும். டெர்மினல் தரும் விடை ப்ராம்ப்டில் வந்து விழும். ஐகாரத்தின் 144 ஒரு நீண்ட உத்தரவைத் திறந்துவைக்கும். முறைப்படி அதை மூடும் எண் 156, அது ஜகரத்தின் கடைசி பைட். யூடிஎஃப்-8 தெரியாத டெர்மினலில் தமிழ்ப் பட்டியலைத் திறந்தபோதெல்லாம் வரிகள் மேலும் கீழும் தாவியதற்கும், தட்டாத எழுத்துகள் ப்ராம்ப்டில் நின்றதற்கும் காரணம் இதுதான்.

நவீன டெர்மினல்கள் மூன்று பைட்டையும் சேர்த்து ஓர் எழுத்தாகவே படிப்பதால் இந்தத் தொல்லை இப்போது அரிது. ஆனால் பாதுகாப்பு என்ற பெயரில் எழுதப்படும் சல்லடைகள் இன்னும் பைட் கணக்கில்தான் யோசிக்கின்றன. லினக்ஸில் வழக்கமாக இருக்கும் க்னூ டிஆர் கமாண்ட் பைட் பைட்டாக வேலை செய்வது. 128–159ஐ நீக்கு என்று அதனிடம் சொன்னால் "அம்மா" என்ற சொல்லில் அகரம் உடையும், மகரம் பிழைக்கும், புள்ளி உடையும், மா பிழைக்கும். திரையில் �ம�மா என்று நிற்கும். அச்சிடத்தக்க எழுத்துகளை மட்டும் வை என்று சொன்னால் இன்னும் மோசம். தமிழ் முழுக்கப் போய்விடும். இப்படி ஒரு சல்லடையை ஓர் அலுவலகத்தில் பயனாளிகளின் பெயர்ப் பட்டியலுக்குப் போட்டு, வெற்றுக் கட்டங்களோடு எங்களிடம் அனுப்பினார்கள். கேட்டபோது பாதுகாப்பு விதி என்றார்கள். எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஒருவருடைய பெயரை அழித்துவிட்டு அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்க முடியாது. அந்தப் பெயர்களில் ஒன்றில்கூட டெர்மினலுக்குக் கெடுதல் செய்யும் எழுத்து இல்லை.

சரியான வழி, முதலில் பைட்டுகளை எழுத்துகளாகச் சேர்த்துவிட்டு, பிறகு கன்ட்ரோல் எழுத்தா என்று கேட்பது. பாஷின் %க்யூ, லோக்கேல் யூடிஎஃப்-8 என்று இருந்தால் அப்படித்தான் செய்கிறது. தமிழைத் தமிழாகவே விட்டு, நடுவில் இருக்கும் எஸ்கேப்பை மட்டும் மாற்றிக் காட்டும். லோக்கேல் வெறும் சி என்று இருந்தால் அதே %க்யூ "த" என்ற ஓரெழுத்தை \340\256\244 என்று எழுதும். ஆபத்து இல்லை, படிக்கத்தான் முடியாது. கிரான் வழியாக ஓடும் ஸ்கிரிப்ட்களில் இது அடிக்கடி நடக்கும். பகலில் கையால் ஓட்டினால் தமிழ் வருகிறது, இரவு தானாக ஓடினால் எண்கள் வருகின்றன என்று வந்து நிற்பார்கள். ஸ்கிரிப்டின் தலையில் எல்சி_ஆல் வேரியபிளுக்கு சி.யூடிஎஃப்-8 என்று வைத்தால் தீர்ந்தது. க்னூவின் கேட் -வி-யும் செட்டின் எல்-லும் எந்த லோக்கேலிலும் தமிழைக் குறிகளாகவும் எண்களாகவும் ஆக்கிவிடும் என்பதால், பெயர்களைப் படிக்க வேண்டிய இடத்தில் அவற்றை நான் எடுப்பதில்லை. ஆர்சிஸ்லாக் நடுவழியில் நிற்கிறது. வழக்கமான அமைப்பில் எஸ்கேப்பை #033 என்று எழுதிவிட்டு, 128க்கு மேற்பட்ட பைட்டுகளைத் தொடாமல் விடுகிறது. தமிழ்ச் செய்தி லாக்கில் முழுசாக இருக்கும்.

எங்கே சுத்தம் செய்வது என்பதில் என் பிடிவாதம் நண்பர்களுக்குத் தெரியும். வாங்கும் இடத்தில் செய்யாதே, சேமிக்கும் இடத்தில் செய்யாதே, காட்டும் இடத்தில் செய் என்பேன். எஸ்கேப்பை நீக்கிவிட்டு மீதியைச் சேமித்தால் "[31எம்" என்ற எச்சம் மட்டும் தங்கும், அது எங்கிருந்து வந்தது, யார் அனுப்பினார் என்ற தடயம் போய்விடும். மாறாக %க்யூ தந்த மேற்கோளிட்ட வடிவத்தை டேட்டாபேஸில் சேமித்தாலும் தப்பு. அது ஷெல்லின் மொழி. வேறு நிரல் அதைப் படிக்கும்போது டாலரும் மேற்கோளும் பெயரின் பகுதியாகிவிடும். மூல மதிப்பு வேரியபிளில் அப்படியே இருக்க வேண்டும். திரைக்கும் லாக்குக்கும் போகும் பிரதிக்கு மட்டும் மேற்கோள். எங்கள் குழுவின் ஸ்கிரிப்ட்களில் இதற்கென்று "காட்டு" என்ற பொருளில் ஒரு ஷெல் ஃபங்ஷன் இருக்கிறது. உள்ளே ஒரே ஒரு பிரிண்ட்எஃப் வரி. வெளியிலிருந்து வந்த எதையும் அதன் வழியாகத்தான் திரைக்கு அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. லாக்கைப் படிக்க லெஸ்தான், கேட் வேண்டாம். லெஸ், ஆப்ஷன் எதுவும் இல்லாமல் திறந்தால் எஸ்கேப்பைச் செயல்பட விடாமல் தலைகீழ் நிறத்தில் எழுத்தாகக் காட்டும். நிறம் வேண்டும் என்றால் பெரிய ஆர். சின்ன ஆர் எல்லா உத்தரவையும் உள்ளே விட்டுவிடும் என்பதால் அது கூடாது.

புதிய ஸ்கிரிப்ட் ஒன்று வந்தால் அதற்குக் கொடுத்துப் பார்க்க ஒரு சோதனை வரி வைத்திருக்கிறேன். "-என்" என்று தொடங்கும். நடுவில் ஒரு சதவீதக் குறி, பின்சாய்வுக்கோடும் சி-யும், எழுத்தாகத் தட்டிய \033, அசலான 27, 13, 7, ஒரு புது வரி. பிறகு அம்மா, ஐயா, ஜன்னல் என்ற மூன்று சொற்கள். அதையடுத்து யூடிஎஃப்-8 வடிவில் 155. 32க்குக் கீழே மட்டும் பார்க்கும் சல்லடைகள் இதில்தான் தோற்கும். கடைசியில் "லக்ஷ்மி" இரண்டு முறை: ஒன்று சாதாரணமாக, இன்னொன்று ககரப் புள்ளிக்கும் ஷகரத்துக்கும் இடையில் கண்ணுக்குத் தெரியாத பிரிப்பான் வைத்து. க்ஷ என்ற கூட்டெழுத்து உருவாகாமல் தடுக்கும் அந்தப் பிரிப்பான் டெர்மினலுக்கு உத்தரவு எதுவும் இடாது. ஆனால் தேடும்போது இரண்டு லக்ஷ்மியும் ஒன்றல்ல. டெர்மினலின் எழுத்துருவில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியலாம். இந்த ஒன்றுக்கு மட்டும் நான் ஷெல்லை விட்டுப் பைத்தானுக்குப் போகிறேன். அதன் ரெப்ர் ஃபங்ஷன் தமிழைத் தொடாமல் விட்டு, பிரிப்பானை \யு200சி என்று வெளியே எடுத்து வைக்கும். பட்டியலில் அப்படி இரண்டு பெயர் கிடைத்தால் எதையும் திருத்தாமல் இரண்டையும் ரெப்ர் வடிவத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பட்டியலுக்கு உரியவர்களிடம் அனுப்பிவிடுகிறோம். இரண்டும் ஒரே ஆளா, வேறு வேறு ஆளா என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.